சாண் குறைஞ்சாலும் மூச்சு விடலாம்: போதையில இருக்கறவங்களும் கூட இருக்கறவங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்ல, கவுன்சிலரும் இல்ல. 11 வருஷம் குடிச்சவன், அதுல கடைசி 4 வருஷம் குடியோட தூக்க மாத்திரையும் சேர்ந்துக்குச்சு. நிறுத்தி 7 வருஷம் ஆச்சு, இப்ப என்னை மாதிரி ஆளுங்களோட உக்காந்து பேசறதுதான் வேலை. நேர்லயும் போன்லயும் திரும்பத் திரும்ப அதே கேள்விங்கதான் வருது, ராத்திரி 2 மணிக்கு ஒருத்தர் கேக்கும்போது நான் தூங்கிட்டு இருந்தா என்ன பண்றது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். வரிசை கிரிசை எல்லாம் பாக்கல, மனசுல வந்தபடி போகும். இப்ப உங்க பக்கத்துல ஒருத்தர் எழுப்பினா எழுந்திரிக்காம கிடக்கறாருன்னா இதையெல்லாம் படிச்சிட்டு இருக்காதீங்க, மொதல்ல ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, அப்புறம் நேரா ஓவர்டோஸ், அதாவது அளவு மீறி எடுத்து உயிருக்கு ஆபத்தாகறது, அந்தக் கேள்விக்குப் போங்க.

தீங்கு குறைப்புன்னா என்னங்க? போதைக்கு லைசென்ஸ் குடுக்கற மாதிரி இல்ல இருக்கு?

லைசென்ஸ் எல்லாம் இல்லீங்க. ஒருத்தர் இன்னிக்கு நிறுத்தல, இல்லன்னா நிறுத்த முடியல. அதுவரைக்கும் அவர் சாகாம, தீராத நோய் எதையும் வாங்கிக்காம, வேலையும் வீடும் மொத்தமா போயிடாம பாத்துக்கறதுக்கு என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் தீங்கு குறைப்புதான். புது ஊசி குடுக்கறது, ஓவர்டோஸ்ல போறவர திருப்பிக் கொண்டு வர்ற மருந்த கையில குடுத்து வைக்கறது, "குடிச்சா வண்டி எடுக்காத, சாவிய என்கிட்ட குடு"ன்னு சொல்றது கூட அதுதான்.

தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு நம்மள்ல பழமொழி சொல்லுவாங்க இல்ல, குடிக்கறவனுக்கு அது மந்திரம் மாதிரி. ஒண்ணு குடிச்சாச்சு, இனி பத்து குடிச்சா என்னன்னு. நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கில்ல. ஆனா முழுகிட்டு இருக்கறவனுக்கு சாணும் முழமும் ஒண்ணு கிடையாதுங்க. ஒரு சாண் தண்ணி வடிஞ்சா மூக்கு வெளிய வரும், மூச்சு விடலாம்.

இன்னொண்ணு, இத டாக்டருங்க கண்டுபிடிக்கல. 1984ல ஆம்ஸ்டர்டாம்ல மஞ்சள் காமாலை வைரஸ் ஒண்ணு, ஹெபடைடிஸ் பி, ஊசி மூலமா பரவினப்ப போதை எடுக்கறவங்களே சேர்ந்து வெச்சிருந்த சங்கம்தான் பழைய ஊசிய வாங்கிட்டு புது ஊசி குடுக்கற வேலைய ஆரம்பிச்சு வெச்சுது. அப்புறம் எச்ஐவி பயம் வந்த பிறகுதான் மத்த நாட்டு அரசாங்கங்க எல்லாம் முழிச்சிக்கிட்டு பின்னாடி வந்துச்சு.

பாதுகாப்பா எடுத்துக்கோன்னு சொன்னா அவன் எப்படிங்க நிறுத்துவான்?

நியாயமான கேள்வி, எங்க அக்காவும் இதையேதான் கேட்டாங்க. பதில் என்னன்னா, ஊசி மாத்த வர்றவர் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மனுஷன் மொகத்தப் பாக்கறாரு, அந்த ஆள் திட்டறதில்ல. என்னிக்காவது "போதும்பா"ன்னு தோணும்போது எங்க போறதுன்னு அவருக்குத் தெரியும். சியாட்டில்ல பண்ண ஒரு ஆய்வு 2000ல வந்துச்சு, புதுசா ஊசி மாத்தற இடத்துக்கு வர ஆரம்பிச்சவங்க, அங்க போகாதவங்கள விட 5 மடங்கு அதிகமா சிகிச்சைல சேர்ந்திருக்காங்க. கதவத் தொறந்து வெச்சா வருவாங்க, அவ்ளோதான்.

பியர் சப்போர்ட்னா கவுன்சிலிங்கா?

இல்ல. பியர்னா குடிக்கற பீர் இல்ல, நம்மள மாதிரியே அதே கஷ்டத்துல இருந்த ஆளு. கவுன்சிலர் படிச்சிட்டு வர்றாரு, பியர் பட்டுட்டு வர்றாரு. ரெண்டும் வேணும், ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு கிடையாது.

என் விஷயத்துல நடந்தத சொல்றேன். டாக்டர் எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டா பாதி சொல்லுவேன், வீட்டுல கேட்டா இல்லவே இல்லம்பேன், ஆபீஸ்ல வயித்து வலி. இப்படி ஆளுக்கு ஒரு பொய், எந்தப் பொய்ய யார்கிட்ட சொன்னோம்னு ஞாபகம் வெச்சிக்கறதே ஒரு ஃபுல்டைம் வேலை. அப்பதான் ஒருத்தர அறிமுகப்படுத்தினாங்க, என்னை விட ஒரு 15 வயசு பெரியவரு. அவர் எவ்வளவுன்னே கேக்கல. "காலைல மொத கிளாஸ் உள்ள நிக்குதா தம்பி, இல்ல வாந்தியா வந்துடுதா? அப்ப ரெண்டாவது கிளாஸ்லதான் கை நிக்கும், இல்ல?"ன்னு கேட்டாரு. அது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். ரெண்டு கைலயும் கிளாஸ புடிச்சாலும் பல்லுல இடிக்கும், அந்த சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுக்குவேன். அன்னிக்குத்தான் வருஷக்கணக்குல மொத தடவையா ஒரு ஆள்கிட்ட பொய் சொல்லாம பேசினேன். பியர் சப்போர்ட் என்னன்னு கேட்டா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்: பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள்.

1935ல அமெரிக்காவுல ஆக்ரன் ஊர்ல ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடிய விடணும்னு நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கற குரூப், ஆரம்பிச்ச கதையும் இதேதான். பில் வில்சன்னு ஒரு ஷேர் மார்க்கெட் ஆளு, பிசினஸ் விஷயமா போன ஊர்ல வேலை கெட்டுப் போச்சு, ஹோட்டல் பார்ல இருந்து சத்தம் வருது, குடிக்கணும்னு தோணுது. நேரா போன எடுத்து இந்த ஊர்ல குடிகாரர் யாராவது இருக்காங்களா பேசணும்னு விசாரிக்க ஆரம்பிச்சாரு. கடைசில கெடைச்சவர் பாப் ஸ்மித், ஒரு சர்ஜன். அவரக் காப்பாத்தறதுக்காக தேடல, தன்னையே காப்பாத்திக்கத்தான் தேடினாரு. உதவி பண்றவன் மேல இருக்கான், வாங்கறவன் கீழ இருக்கான்ங்கற கணக்கு இங்க செல்லாது.

தினமும் குடிக்கறேன். நாளைலருந்து மொத்தமா நிறுத்தப்போறேன், ஓகேதானே?

தயவு செஞ்சு இத முழுசா படிங்க. கொஞ்ச நாளா தினமும் நிறைய குடிக்கறவர், காலைல கை நடுங்கறவர், முன்னாடி நிறுத்தினப்ப ஃபிட்ஸ் வந்தவர், இவங்க வீட்டுல தனியா சட்டுனு நிறுத்தறது ஆபத்து, உயிரே போகலாம். போதைப் பொருள்கள்ல நிறுத்தும்போதே ஆளக் கொல்லக்கூடியதுல குடி முக்கியமானது, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, ஹெராயின்தான் அப்படின்னு நினைச்சிட்டு இருக்காங்க.

கடைசியா குடிச்ச 6 மணி நேரத்துல இருந்து நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். ஃபிட்ஸ் வர்றதா இருந்தா பெரும்பாலும் 2 நாளைக்குள்ள வந்துடும். அதையும் தாண்டி 2, 3, 4வது நாள்ல சிலருக்கு ஆளே மாறிப் போவாங்க, சுவத்துல பூச்சி ஊருதும்பாங்க, இல்லாத ஆளோட பேசுவாங்க, ஜுரம் அடிக்கும், நாடி எகிறும். அது பேய் இல்ல, புத்தி கெட்டுப் போனதும் இல்ல, டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேரு, உடனே ஆஸ்பத்திரி. எனக்கு வந்தது ஃபிட்ஸ். ரோஷத்துல நிறுத்தின ரெண்டாவது நாள் ராத்திரி, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, காலைல தலகாணி பூரா ரத்தம், நாக்க கடிச்சிருக்கேன். அக்கா சாப்பாட்டு ஸ்பூன வாய்ல வைக்கப் பாத்திருக்காங்க, அது தப்பு, ஃபிட்ஸ் வந்தா வாய்ல எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களிச்சு படுக்க வெச்சு தலை அடிபடாம பாத்தா போதும்.

அதனால டாக்டர்கிட்ட உண்மையான அளவ சொல்லுங்க, பாதி இல்ல, முழுசா. சில நாளைக்கு மருந்து குடுத்து பத்திரமா இறக்கி விடுவாங்க, கூட வைட்டமின் பி1 குடுப்பாங்க, தயமின். அத லேசா நினைக்காதீங்க. நாள்கணக்கா சாப்பிடாம குடிக்கறவங்களுக்கு அது தீர்ந்து போய் பார்வை ரெண்டா தெரிஞ்சு, நடை தள்ளாடி, குழப்பம் வந்து, ஞாபகமே திரும்பி வராத அளவுக்கு மூளை கெட்டுப் போயிடும். டாக்டரப் பாக்கற வரைக்கும் என்ன பண்றதுன்னா, சட்டுனு நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, சாப்பிட்டுட்டு குடிங்க, தனியா இருக்காதீங்க. குடிங்கன்னு நான் எழுதறது விசித்திரமாத்தான் இருக்கும், என்ன பண்ண.

தூக்க மாத்திரை?

அதே கதைதான், ஆனா இன்னும் மெதுவா வரும். மாசக்கணக்கா எடுத்தவர் ஒரே நாள்ல நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம். டாக்டர் வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல குறைச்சிட்டே வருவாரு. எனக்கு 8 மாசம் ஆச்சு.

ஹெராயின் மாதிரி சரக்கு நிறுத்தினாலும் செத்துப் போவாங்களா?

நிறுத்தும்போது வர்ற கஷ்டம் நரகம். வாந்தி, பேதி, எலும்புக்குள்ள குடைச்சல், கால உதைச்சிக்கிட்டே இருக்கணும் போல, ஒரு வாரம் தூக்கமே கிடையாது. தண்ணிச் சத்து போயிடாம பாத்துக்கிட்டா பொதுவா உயிருக்கு ஆபத்தில்ல. கொல்லறது அதுக்கு அப்புறம்.

உடம்பு பழகிப் போய் அளவு கூடிக்கிட்டே போகுது பாருங்க, அந்தப் பழக்கத்தத்தான் டாலரன்ஸ்ங்கறாங்க. கொஞ்ச நாள் எடுக்காம இருந்தா அது இறங்கிடும், ஆனா மனசுல இருக்கற கணக்கு பழைய கணக்குதான். ஜெயில்ல இருந்து, ரீஹாப்னு சொல்ற மறுவாழ்வு மையத்துல இருந்து, ஆஸ்பத்திரில இருந்து வெளிய வந்தவர் பழைய அளவையே போட்டாருன்னா மூச்சு நின்னுடும். வெளிய வந்த மொத 2 வாரம்தான் ரொம்ப ரொம்ப ஆபத்தான நேரம். "நல்லபடியா முடிச்சிட்டு வந்துட்டான், இனி கவலையில்ல"ன்னு குடும்பம் நிம்மதியா தூங்கற நேரமும் அதே 2 வாரம்தான், அதுதான் கொடுமை. அவர் எடுக்க மாட்டாருன்னு நம்புங்க, தப்பில்ல. ஆனா எடுத்தா என்ன பண்றதுன்னும் வீட்டுல பேசி வைங்க.

ஓவர்டோஸ்னு எப்படி கண்டுபிடிக்கறது? என்ன செய்யணும்?

போதைல தூங்கறதுக்கும் ஓவர்டோஸுக்கும் வித்தியாசம் மூச்சுல இருக்கு. பேர சொல்லி சத்தமா கூப்பிடுங்க, தோளப் புடிச்சு உலுக்குங்க, நெஞ்சு நடுவுல இருக்கற எலும்புல விரல் முட்டியால அழுத்தித் தேய்ங்க. தூங்கறவரா இருந்தா கெட்ட வார்த்தைல திட்டிட்டு எழுந்துடுவாரு, நல்லது. அசைவே இல்ல, மூச்சு ரொம்ப விட்டு விட்டு வருது, உதடும் நகமும் நீலமாவோ சாம்பல் கலராவோ போகுது, கண்ணுமணி ஊசிமுனை அளவுக்கு சுருங்கிடுச்சு, இதுல ஏதாவது இருந்தா ஓவர்டோஸ்தான்னு எடுத்துக்கங்க.

முக்கியமா அந்த குறட்டை. தொண்டைல தண்ணி கொப்பளிக்கற மாதிரி கடகடன்னு ஒரு குறட்டை வரும், வழக்கமா குறட்டை விடாதவரு விடுவாரு. "நல்லா தூங்கறான், விடு, காலைல சரியாயிடும்"னு பக்கத்து ரூம்ல இருக்கறவங்க நினைச்சிப்பாங்க. எனக்குத் தெரிஞ்சு அந்த வார்த்தையாலயே 2 பேரு போயிருக்காங்க. அது குறட்டை இல்ல, மூச்சுக்குழாய் அடைபட்டு உடம்பு கடைசியா இழுக்கற இழுப்பு.

ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. நலாக்ஸோன் இருந்தா குடுங்க, ஓவர்டோஸ்ல போறவர திருப்பிக் கொண்டு வர்ற மருந்து அதுதான், அடுத்த கேள்வில சொல்றேன். மல்லாக்க படுக்க வெச்சு, தலைய பின்னாடி சாய்ச்சு, மூக்கப் பொத்தி, வாயோட வாய் வெச்சு 5 செகண்டுக்கு ஒரு தடவை ஊதுங்க, நெஞ்சு மேல எழும்புதான்னு பாருங்க. நாடியே இல்லன்னா, இல்ல தெரியலன்னா, நெஞ்சுல அழுத்தி சிபிஆர் பண்ணுங்க. மூச்சு தானா வந்துடுச்சுன்னா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாந்தி வந்தா உள்ள போய் அடைச்சிடக் கூடாது. பச்சைத் தண்ணிய ஊத்தறது, உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கறது, நலாக்ஸோன் இல்லாத வேற ஏதாவது ஊசி போட்டு எழுப்பப் பாக்கறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம், நேரம்தான் போகும்.

போலீஸ் வருமேன்னு பயந்து ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு ஓடறவங்கள எனக்குத் தெரியும், கோவப்பட முடியல. சில இடங்கள்ல உதவிக்குக் கூப்பிட்டவர் மேல கேஸ் போடக்கூடாதுன்னே சட்டம் இருக்கு, உங்க இடத்துல எப்படின்னு இப்பவே, நிதானமா இருக்கும்போதே கேட்டு வைங்க. வெறும் "மூச்சு வரல, இந்த இடத்துல இருக்கோம்"னு சொன்னாக்கூட ஆம்புலன்ஸ் வரும்.

நலாக்ஸோன் என்ன மருந்து? அதுலயும் போதை வருமா?

வராது. ஹெராயின், மார்ஃபின், ஃபெண்டனில், ட்ரமடால் மாதிரி ஓபியாய்ட் வகை மருந்து மூளைல போய் உக்காந்த இடத்துல இருந்து அத தள்ளி விட்டுட்டு இது உக்காந்துக்கும், 2, 3 நிமிஷத்துல மூச்சு திரும்பும். அமெரிக்காவுல 1971லயே அனுமதி வாங்கின மருந்து, ஊசியாவும் இருக்கு, மூக்குல அடிக்கற ஸ்ப்ரேவாவும் இருக்கு. ஓவர்டோஸ் இல்லாதவருக்கு தப்பா குடுத்துட்டாலும் பெரிசா கெடுதல் ஒண்ணும் பண்ணாது, அதனால சந்தேகமா இருந்தா குடுத்துடுங்க.

ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. இதோட வேலை 30ல இருந்து 90 நிமிஷம்தான், உள்ள இருக்கற சரக்கு அதுக்கு மேலயும் நிக்கலாம், மறுபடி மூச்சு நிக்கும். எழுந்தவர் உடம்பு முறுக்கி எரிச்சலா இருப்பாரு, "ஏண்டா என் போதைய கெடுத்த"ன்னு கூட சண்டைக்கு வருவாரு, அப்படியே கிளம்பிப் போகப் பாப்பாரு, விடாதீங்க, மறுபடி எடுக்கவும் விடாதீங்க. ரெண்டாவது, குடிக்கும் தூக்க மாத்திரைக்கும் கொக்கெயினுக்கும் இது வேலை செய்யாது. ஆனா என்னத்த எடுத்தாருன்னு தெரியாதப்ப குடுக்கறதுல நஷ்டம் இல்ல.

தனியா இருக்கும்போதுதான் எடுக்கறேன், யாருக்கும் தொந்தரவு இல்லையே?

தொந்தரவு இல்ல, அதனாலதான் ஆபத்து. மருந்து கைல இருந்தாலும் தனக்குத்தானே போட்டுக்க முடியாது. கதவு உள்பக்கம் தாழ்ப்பா போட்டிருந்தா வெளிய இருக்கறவருக்கு உடைக்கவே 10 நிமிஷம் ஆகும், மூச்சில்லாத மூளை அவ்வளவு நேரம் தாங்காது. நான் கூட இருந்து பேசற ஒரு பையன் இன்னும் எடுக்கறான், அவனோட எங்க ஒப்பந்தம் என்னன்னா தாழ்ப்பா போடக் கூடாது, எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால், 10 நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டாவது வரலன்னா நான் அவங்க அண்ணனுக்கு அடிப்பேன். இதுவரைக்கும் ஒரு தடவை அடிச்சிருக்கேன், பையன் போன சார்ஜ் போடாம விட்டிருக்கான். அண்ணன் என்ன திட்டுத் திட்டினாரு தெரியுமா, சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்.

இதையே பெரிசா, சட்டப்படி பண்ற இடங்க இருக்கு. 1986ல ஸ்விட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல, அப்புறம் 2003ல கனடாவுல வான்கூவர்ல இன்சைட்னு ஒண்ணு. நர்ஸ் பக்கத்துல இருப்பாங்க, அவரவர் கொண்டு வந்தத அங்க உக்காந்து எடுக்கலாம். ஆயிரக்கணக்குல ஓவர்டோஸ் அங்க நடந்து காப்பாத்தியிருக்காங்க.

ஊசி என்னோடது தனியாத்தான் வெச்சிருக்கேன், அது போதாதா?

ஊசி மட்டும் இல்லீங்க. கரைக்கற ஸ்பூன், வடிகட்டற பஞ்சு, தண்ணி, கைய கட்டற கயிறு, எதையும் பங்கு போடாதீங்க. கல்லீரலத் தாக்கற ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள்ள 2 மாசம் வரைக்கும் உயிரோட இருந்தத லேப்ல பாத்திருக்காங்க, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி போதும். புது ஊசி, ஒரே தடவை, போடற இடத்த ஸ்பிரிட்டால துடைங்க, இடத்த மாத்தி மாத்தி போடுங்க, கழுத்துலயும் தொடை இடுக்குலயும் வேண்டாம். செவந்து வீங்கி சூடா இருந்தா, ஜுரம் வந்தா காமிச்சிடுங்க.

நல்ல செய்தி ஒண்ணு சொல்றேன், ஹெபடைடிஸ் சி இப்ப குணமாகற நோய். 8ல இருந்து 12 வாரம் மாத்திரை, 100ல 95 பேருக்கு மேல சரியாயிடுது. பயந்துட்டு டெஸ்ட் எடுக்காம இருக்கறவங்க நிறைய, எடுங்க.

குடியோட மாத்திரை, மாத்திரையோட பவுடர்னு கலந்து எடுத்தா?

சாவுல முடிஞ்ச கதைய விசாரிச்சா நிறைய தடவை ஒரே பொருள் இருக்காது, ரெண்டு மூணு இருக்கும். குடி, தூக்க மாத்திரை, ஓபியாய்ட் மூணுமே மூச்ச மந்தமாக்கறது, சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல, அஞ்சு. கொக்கெயினோட குடிச்சா கல்லீரல்ல கோக்கெத்திலீன்னு மூணாவதா ஒண்ணு உருவாகி இதயத்தப் போட்டு அடிக்கும், போதாததுக்கு எவ்வளவு குடிச்சோம்னே தெரியாது. கலக்காம இருக்க முடியலன்னா ரெண்டோட அளவையும் குறைங்க, மொதல்ல எடுத்தது வேலை செய்யறதுக்குள்ள அடுத்தத எடுக்காதீங்க.

குடிச்சிட்டு மறுநாள் கண்ணு மங்கலா தெரியுது?

உடனே ஆஸ்பத்திரி, இந்த வரிக்கு மேல படிக்காதீங்க. கள்ளச்சாராயத்துல மெத்தனால் இருந்தா 12, 24 மணி நேரம் கழிச்சுதான் காட்டும், முதல்ல கண்ணு, அப்புறம் உயிர். மாத்து மருந்து இருக்கு, நேரத்துக்குப் போனா காப்பாத்தலாம். கூட குடிச்சவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னாலும்.

ஹெராயினுக்கு பதிலா டாக்டர் மெத்தடோன், புப்ரெனார்ஃபின்னு மருந்து குடுக்கறது ஒரு போதைக்கு பதில் இன்னொரு போதைதானே?

இந்தக் கேள்விய நிதானமா கேக்கறவங்க கம்மி, கிண்டலாத்தான் கேப்பாங்க. 1960கள்ல நியூயார்க்ல வின்சென்ட் டோல், மேரி நைஸ்வான்டர்னு ரெண்டு டாக்டருங்க ஹெராயின் எடுக்கறவங்களுக்கு மெத்தடோன் குடுத்துப் பாத்தாங்க. நாள் பூரா அடுத்த ஊசிய பத்தியே நினைச்சிட்டு கிடந்தவங்க படிக்கணும், வேலை பாக்கணும்னு பேச ஆரம்பிச்சாங்க. இந்த மருந்துங்க மெதுவா ஏறி ரொம்ப நேரம் நிக்கும், அதனால ஏறி இறங்கற போதை கிடையாது, உடம்பு சமமா இருக்கும். உடம்பு அத சார்ந்து இருக்கும், உண்மைதான். சர்க்கரைக்கு இன்சுலின சார்ந்து இருக்கறவர நாம அடிமைன்னு சொல்றதில்ல. ரெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. மருந்துல இருக்கற வரைக்கும் சாவு பாதிக்கும் கீழ குறையறது பல நாட்டு ஆய்வுல திரும்பத் திரும்ப வந்திருக்கு, "போதும், மூணு மாசம் ஆச்சு நிறுத்து"ன்னு வீட்டுல அவசரப்படுத்தினா அங்கதான் விழுவாங்க.

எந்த குரூப்லயாவது "மாத்திரை எடுக்கறவன் க்ளீன் இல்ல"ன்னு சொன்னாங்கன்னா அந்த குரூப்ப விட்டு வேற குரூப் பாருங்க. மருந்த நிறுத்தச் சொல்ற உரிமை எந்த பியருக்கும் கிடையாது.

அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல குடி நிறுத்தற மாத்திரை கலந்து குடுக்கலாமா?

கூடவே கூடாது. நிறைய வீட்டுல பண்றாங்க, எனக்கும் கலந்திருக்காங்க. அது பெரும்பாலும் டைசல்ஃபிரம், அது உடம்புல இருக்கும்போது குடிச்சா மொகம் செவந்து, நெஞ்சு அடிச்சிக்கிட்டு, பிரஷர் விழுந்து, சில பேருக்கு உயிரே போகும். தெரிஞ்சு எடுக்கறவர் குடிக்காம இருப்பாரு, தெரியாதவர் வழக்கம் போல குடிப்பாரு. மாத்திரைய நிறுத்தினாலும் 2 வாரம் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கு. அதோட கண்டுபிடிச்ச நாள்ல இருந்து அவர் உங்க கையால எதையும் வாங்கி சாப்பிட மாட்டாரு. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட்னு வேற மருந்துங்க இருக்கு, அவரோட பேசி, டாக்டர் சொல்லி, அவரே எடுக்கறதுதான் வழி.

புடிச்சிக்கிட்டுப் போய் ஒரு சென்டர்ல அடைச்சா திருந்திடுவாரா?

என்னையும் அப்படி ஒரு இடத்துல போட்டாங்க, பேரு வேண்டாம். 40 நாளு. மொத நாளே மொட்டை அடிச்சாங்க, பேசினா அடி, டாக்டர நான் பாத்தது ஒரே ஒரு தடவை. வெளிய வந்த அன்னிக்கு சாயந்திரமே குடிச்சேன், குடியோட சேர்த்து வீட்டு மேல வெறுப்பும் புதுசா வந்துச்சு. எல்லா சென்டரும் அப்படி இல்ல, நல்ல இடத்துல இருந்து வந்தவங்களோடயும் நான் வேலை பாக்கறேன். சேர்க்கறதுக்கு முன்னாடி டாக்டர் தினமும் வர்றாரா, வீட்டு ஆளுங்க பாக்க விடுவாங்களா, கிளம்பணும்னா கிளம்ப முடியுமா, வெளிய வந்த பிறகு யாரு தொடர்ந்து பாப்பாங்கன்னு கேளுங்க. கடைசி கேள்விக்கு மழுப்பினா வேற இடம் பாருங்க.

கஞ்சா பத்தி ஒண்ணும் சொல்லலையே?

கொல்லறது அபூர்வம், தலைய கெடுக்கறது அபூர்வம் இல்ல. சந்தேகம், காதுல குரல் கேக்கறதெல்லாம் வரலாம். குடும்பத்துல மனநோய் இருக்கறவங்க, சின்ன வயசுப் பசங்க, இவங்க தள்ளியே இருக்கறது நல்லது. சாப்பிடற வகை ஏறவே 2 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், ஒண்ணும் ஆகலயேன்னு மறுபடி சாப்பிட்டுட்டு ராத்திரி பூரா செத்துடுவேன்னு கத்தறவங்கதான் எனக்கு போன் பண்றாங்க.

6 மாசம் க்ளீனா இருந்தேன், நேத்து குடிச்சிட்டேன். எல்லாம் போச்சா?

6 மாசம் எங்கயும் போகல. 180 நாள்ல 179 நாள் உங்க கல்லீரலும் வீடும் நிம்மதியா இருந்துச்சு, அத யாரும் திருப்பி எடுத்துக்க முடியாது. ஆபத்து நேத்து குடிச்சதுல இல்ல, இன்னிக்கு காலைல தலைக்குள்ள ஓடற அந்த சாணும் முழமும்ல இருக்கு. அதோட ஒளிக்கணும்னு தோணும், அதுதான் ரெண்டாவது பாட்டில வாங்க வைக்கும். இன்னிக்கே ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க. நேத்து என்ன நடந்துச்சு, பசியா, கோவமா, தனிமையா, சம்பளம் வந்துச்சா, எந்த வழியா நடந்து போனீங்க, இத மட்டும் பாருங்க. நான் 4 தடவை விழுந்தேன், நாலாவதுக்கு மட்டும்தான் மறுநாளே போன் பண்ணேன். ஓபியாய்ட் எடுக்கறவரா இருந்தா மேல சொன்ன டாலரன்ஸ் ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டுல இருக்கறவங்க என்னதான் பண்றது?

போதைல இருக்கும்போது பேசாதீங்க, சுவத்தோட பேசற மாதிரி. காலைல, தெளிவா இருக்கும்போது, குற்றப்பத்திரிகை இல்லாம ஒரே ஒரு விஷயம் பேசுங்க. குடிக்காத நாள்ல அவரோட உக்காருங்க, குடிச்ச நாள்ல தள்ளி இருங்க, நிறைய வீட்டுல இது தலைகீழா நடக்குது, குடிச்சாத்தான் எல்லாரும் அவர சுத்தி நிப்பாங்க. காசு குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க, ஆனா சொன்னத மாத்தாதீங்க. அடிச்சாருன்னா அங்க இருக்காதீங்க, நோய்ங்கறது அடி வாங்கிக்க காரணம் இல்ல. உங்களுக்கும் ஒரு ஆள் வேணும், குடும்பத்து ஆளுங்களுக்குன்னே குரூப் இருக்கு, எங்க அக்கா இன்னும் போறாங்க, நான் நிறுத்தி 7 வருஷம் கழிச்சும். என்னடா பேசறாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க.

நானும் பியரா வரலாமா?

வரலாம். இத்தனை நாள் க்ளீனா இருக்கணும்னு சில இடத்துல கணக்கு வெச்சிருக்காங்க, சில இடத்துல இன்னும் எடுக்கறவங்களே பியரா இருக்காங்க, ஊசி குடுக்கற வேலைய அவங்கள விட நல்லா யாரும் பண்ண முடியாது. பணம் கடன் குடுக்காதீங்க, வாங்காதீங்க. இந்த மருந்த எடுங்கன்னு நீங்களா பேரு சொல்லாதீங்க. கேட்டது வெளிய போகக் கூடாது, ஆனா உயிருக்கு ஆபத்துன்னா சொல்லிடுவேன்னு மொத நாளே சொல்லி வைங்க. எல்லா போனையும் எடுக்க முடியாது, நான் எடுக்காத ஒரு ராத்திரி ஒரு ஆள் போயிட்டாரு, அப்புறம் 3 மாசம் நான் போன கைல புடிச்சிட்டே தூங்கினேன். என்னோட பெரியவர்தான் வந்து "உனக்கும் ஒரு ஆள் வேணும்டா தம்பி"ன்னு போன புடுங்கி வெச்சாரு. உங்களுக்கு குடிக்கணும்னு தோணற நாள்ல லீவு போட்டுடுங்க, காரணம் சொல்லியே போடுங்க.

எனக்கு நிறுத்தற எண்ணமே இல்ல. உங்ககிட்ட பேசலாமா?

பேசலாம். எப்ப நிறுத்துவீங்கன்னு கேக்க மாட்டேன். சாப்பிட்டீங்களா, யார் கூட இருக்கீங்க, கதவு தாழ்ப்பா போட்டிருக்கான்னு கேப்பேன்.